தேவர்கள், புனிதர்கள், அடுப்படிப் பெண்கள்: மேலை ஓவியங்களின் கருப்பொருள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய, அமெரிக்க ஓவியங்களைப் பார்க்கத் தொடங்கும் தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் ‘இதில் இருப்பவர் யார், இது எந்தக் கதை?’ என்ற இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அப்படி எழும் கேள்விகளைத் திரட்டி இங்கே விடை எழுதியிருக்கிறேன். தொன்மம், விவிலியம், அன்றாட வாழ்க்கை ஆகிய மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும் ஓவியங்களே என் மனத்துக்கு மிக நெருக்கமானவை என்பதால், அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

ஓவியங்களைக் கருப்பொருளை வைத்து வகை பிரிக்கும் வழக்கம் எப்படி வந்தது?

பாரிஸில் 1648-இல் அரச ஓவிய, சிற்பக் கழகம் நிறுவப்பட்டது. அங்கே 1667-இல் நிகழ்ந்த சொற்பொழிவுகளைத் தொகுத்த அந்திரே ஃபெலிபியன், அதன் முன்னுரையில் ஓவியங்களைத் தரவரிசைப்படுத்தினார். பழங்களையும் பூக்களையும் வரைபவரைவிட நிலக்காட்சி வரைபவர் மேலானவர். அவரைவிட உயிருள்ள விலங்குகளை வரைபவர் மேலானவர். அவருக்கும் மேலே மனித உருவத்தை வரைபவர். எல்லோருக்கும் மேலே, வரலாற்றையோ தொன்மக் கதையையோ பல உருவங்களைக் கொண்டு ஒரே திரையில் நிகழ்த்திக் காட்டுபவர். விவிலியக் காட்சிகளும் இந்த உச்சிப் படியில்தான் சேர்ந்தன. சமையலறை, சந்தை, சாராயக் கடை போன்ற அன்றாடக் காட்சிகள் கீழ்ப்படிகளில் ஒதுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த வரிசை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் செல்வாக்குடன் இருந்தது. ஷார்தான் என்னும் மாபெரும் ஓவியரை 1728-இல் அக்கழகம் உறுப்பினராக ஏற்றபோது, ‘விலங்குகளும் பழங்களும் வரைவதில் தேர்ந்தவர்’ என்ற தகுதியில்தான் ஏற்றது. அவரே 1740-இல் அரசர் பதினைந்தாம் லூயிக்கு ஓர் ஓவியத்தை அளித்தார்: உணவுக்கு முன் செபம் சொல்லும் இரு குழந்தைகள், கையில் பாத்திரத்துடன் அவர்களைப் பார்த்து நிற்கும் தாய். அதை அன்றாடக் காட்சி என்பதா, சமய ஓவியம் என்பதா? ஃபெலிபியனின் படிகளில் அதற்கு இடம் தேடுவது கடினம்.

படத்தில் இருப்பவர் எந்தத் தெய்வம், எந்தப் புனிதர் என்று எப்படி அறிவது?

கையில் இருப்பதையும் காலடியில் கிடப்பதையும் பாருங்கள். கழுகும் இடியும் இருந்தால் ஜூபிடர். மயில் இருந்தால் அவர் மனைவி ஜூனோ. தலைக்கவசம் அணிந்த பெண் மினர்வா. நெற்றியில் பிறை சூடியவள் வேட்டைத் தெய்வமான டயானா. சிறகு முளைத்த காலணி மெர்க்குரிக்கு. திராட்சைக் கொடி பாக்கஸுக்கு. கதைகள் கிரேக்கத்தில் பிறந்தவை என்றாலும், மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் அவற்றை உரோமக் கவிஞர் ஓவிட் இலத்தீனில் பாடியபடியே பெரும்பாலும் அறிந்திருந்தார்கள். படங்களின் தலைப்புகளில் உரோமப் பெயர்கள் மிகுந்திருப்பதற்கு இதுவே காரணம்.

புனிதர்களுக்கும் இப்படியே. பேதுருவுக்குத் திறவுகோல், கத்தரீனுக்குச் சக்கரம், லாரன்ஸுக்கு அவரைச் சுட்டெரித்த இரும்புக் கிராதி, மகதலா மரியாவுக்குத் தைலச் சிமிழ், ஜெரோமுக்குச் சிங்கம். கையில் மூலைமட்டமோ ஈட்டியோ வைத்திருக்கும் திருத்தூதரைக் கண்டால் தமிழ் வாசகர்கள் சற்று நின்று பார்க்கலாம். அவர் மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டதாக மரபு கூறும் புனித தோமா. இந்திய மன்னர் ஒருவருக்கு அரண்மனை கட்டித்தர வந்தவர் அந்தப் பணத்தை ஏழைகளுக்கு வழங்கிவிட்டார் என்ற பழங்கதைதான் அவர் கையில் தச்சரின் மூலைமட்டத்தைக் கொடுத்தது. ஈட்டி, அவர் உயிர்நீத்த விதத்தைச் சொல்கிறது.

‘மார்த்தா, மரியா வீட்டில் கிறிஸ்து’ என்று தலைப்பிட்ட ஓவியத்தில் சமையலறைதானே பெரிதாகத் தெரிகிறது, கிறிஸ்து எங்கே?

இது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள, ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கேஸ் 1618-இல் வரைந்த ஓவியத்தைப் பற்றிய கேள்வி. அப்போது அவர் செவில் நகரில் இருந்தார். வயது இருபதைத் தொடவில்லை.

முன்னால் ஓர் இளம் பணிப்பெண் பித்தளை உரலில் பூண்டு இடித்துக்கொண்டிருக்கிறாள். வேலை செய்து சிவந்த கைகள், அழுகையை அடக்கியது போன்ற முகம். மேசைமேல் ஒரு மண்தட்டில் நான்கு மீன்கள், இன்னொன்றில் இரண்டு முட்டைகள். அருகில் பூண்டுப் பற்களும் அவற்றின் சருகுத் தோலும் ஒரு காய்ந்த சிவப்பு மிளகாயும். கொலம்பஸின் பயணங்களுக்குப் பின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பெயினுக்கு வந்து சேர்ந்த அதே மிளகாய்தான், போர்த்துகீசியக் கப்பல்களில் ஏறி நம் அடுப்படிக்கும் வந்தது. அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இந்த மேசை எனக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

பணிப்பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் முதியவள் விரலை நீட்டி எதையோ குறிக்கிறாள். வலது மேல்மூலையில் ஒரு சிறு சதுரம் தெரிகிறது. அதற்குள்ளே கிறிஸ்து அமர்ந்திருக்கிறார். அவர் காலடியில் மரியா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். பின்னால் மார்த்தா நிற்கிறாள். அந்தச் சதுரம் பக்கத்து அறைக்குத் திறக்கும் சாளரமா, சுவரில் மாட்டிய ஓவியமா, நிலைக்கண்ணாடியா என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதிட்டார்கள்.

கதை லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வருகிறது. விருந்துபசாரத்தில் அலைக்கழிந்த மார்த்தா, ‘என் தங்கை என்னைத் தனியாக வேலை செய்ய விட்டுவிட்டாளே’ என்று முறையிடுகிறாள். மரியா தேர்ந்துகொண்டதே நல்ல பங்கு என்று இயேசு பதில் சொல்கிறார். மார்த்தாவின் அந்த மனக்குறையை வெலாஸ்கேஸ் உரல் பிடித்த பெண்ணின் முகத்தில் ஏற்றியிருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன். ஆண்டவர் பானை சட்டிகளுக்கு நடுவிலும் நடமாடுகிறார் என்று அவிலா நகரத் தெரேசா தம் சகோதரிகளுக்கு எழுதியது அந்தத் தலைமுறைக்குத் தெரிந்த வாசகம். மீனின் ஈரப் பளபளப்பையும் முட்டை ஓட்டின் மங்கலான வெண்மையையும் அவ்வளவு பொறுமையாகத் தீட்டிய கை, சமையல் வேலையைத் தாழ்வாக நினைத்திருக்க முடியாது.

இந்த உத்தி வெலாஸ்கேஸ் கண்டுபிடித்ததன்று. ஆன்ட்வெர்ப்பில் பீட்டர் ஆர்ட்சென் 1551-இலேயே ஓர் இறைச்சிக் கடையை வரைந்தார். தோலுரித்த மாட்டுத் தலையும் தொத்திறைச்சிகளும் முன்வரிசையை அடைத்துக்கொள்ள, தொலைவில், எகிப்துக்குத் தப்பியோடும், இயேசுவின் தாயான மரியாள் வழியில் பிச்சைக்காரருக்கு ரொட்டி கொடுக்கிறாள். கடையைப் பார்த்துவிட்டு நகர்பவர் அவளைத் தவறவிடுவார்.

தொன்மக் கதையை வரைந்தும் அதை யாரும் உணராமல் போனதுண்டா?

உண்டு, அதுவும் வெலாஸ்கேஸுக்கே. மாட்ரிட் பிராதோ அருங்காட்சியகத்தில் ‘நூற்பவர்கள்’ என்று அறியப்படும் ஓவியத்தை அவர் தம் கடைசி ஆண்டுகளில் வரைந்தார். முன்னறையில் ஐந்து பெண்கள் நூல் வேலையில் ஈடுபட்டிருக்கிறார்கள். இடப்புறம் முக்காடிட்ட முதியவள் இராட்டை சுழற்றுகிறாள். சக்கரம் சுற்றும் வேகத்தில் ஆரங்கள் மறைந்து, காற்றில் ஓர் ஒளி வளையம் மட்டும் நிற்கிறது. தரையில் ஒரு பூனை, பஞ்சுத் துணுக்குகள். மாட்ரிட்டின் புனித இசபெல் திரைச்சீலைத் தொழிற்கூடத்தை அப்படியே வரைந்த படம் என்று இதைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றினார்கள்.

பின்னறையைப் பாருங்கள். மேடைபோல் உயர்ந்த ஒளிமிகு இடத்தில், தலைக்கவசம் அணிந்த உருவம் கையை ஓங்கி நிற்கிறது. எதிரே ஓர் இளம்பெண். அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு திரைச்சீலை. தலைக்கவசம் என்றால் மினர்வா என்று மேலே பார்த்தோம். நெசவில் தெய்வத்தையே போட்டிக்கு அழைத்து, தேவர்களின் காமக் குறும்புகளைத் தறியில் நெய்து காட்டி, அதற்காகச் சிலந்தியாக மாற்றப்பட்ட அராக்னேயின் கதை இது. ஓவிட் தம் ‘உருமாற்றங்கள்’ காவியத்தின் ஆறாம் படலத்தில் பாடியிருக்கிறார். போட்டிக்கு முன் மினர்வா கிழவி வேடத்தில் வந்து அராக்னேயை எச்சரித்தாள் என்கிறது கதை. ஆகவே இராட்டையருகே இருக்கும் முதியவளே வேடமிட்ட தெய்வம் என்று கருதும் அறிஞர்கள் பலர். 1664-ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியல் ஒன்றில் இந்த ஓவியம் ‘அராக்னேயின் கதை’ என்றே குறிக்கப்பட்டிருப்பதை, ஸ்பானிய ஆய்வாளர் மரியா லூயிசா கதூர்லா 1948-இல் வெளியிட்ட பிறகு ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அராக்னே நெய்த திரைச்சீலையில் தெரிவது வெனிஸ் ஓவியர் டிஷியன் வரைந்த, காளை வடிவில் வந்த ஜூபிடர் யூரோப்பாவைக் கவர்ந்து செல்லும் காட்சி. அந்த மூல ஓவியம் அப்போது ஸ்பானிய அரண்மனையில் இருந்தது; இன்று பாஸ்டனில் இருக்கிறது. தம் மூத்த ஆசானாக மதித்த ஓவியரின் படைப்பையே தெய்வத்தோடு போட்டியிட்ட நெசவாளியின் கைவேலையாக வெலாஸ்கேஸ் வைத்ததைவிட உயர்ந்த வணக்கத்தை என்னால் கற்பனை செய்ய இயலவில்லை.

ஃபிளாண்டர்ஸ் ஓவியர் புருகலின் ஓவியத்தில் இக்காரஸைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. எங்கே இருக்கிறான்?

வலது கீழ்மூலையில், கப்பலுக்குக் கீழே நீரில் மூழ்கும் இரண்டு கால்கள் தெரியும். அவ்வளவுதான். மெழுகுச் சிறகுகளுடன் சூரியனை நெருங்கி விழுந்த இளைஞனுக்கு ஓவியர் ஒதுக்கிய இடம் அதுவே. பிரஸ்ஸல்ஸில் உள்ள இந்த ஓவியம், தொலைந்துபோன மூலத்தின் பழைய நகலாக இருக்கலாம் என்று இன்று பலரும் கருதுகிறார்கள். ஆனால் கருத்தமைப்பு புருகலுடையது என்பதே பொதுவான எண்ணம். ஓவிட்டின் கதையில் உழவரும் மேய்ப்பரும் தூண்டிற்காரரும் வானத்தில் பறப்பவர்களைத் தேவர்கள் என்று நினைத்து வியந்து நிற்பார்கள். ஓவியத்திலும் அந்த மூவரும் தவறாமல் இருக்கிறார்கள். ஆனால் உழவர் சால் பிடிப்பதில் குறியாக இருக்கிறார். தூண்டிற்காரர் நீரைப் பார்க்கிறார். மேய்ப்பர் அண்ணாந்து பார்த்தாலும் அவர் பார்க்கும் பக்கம் வேறு.

அதே அருங்காட்சியகத்தில் புருகல் 1566-இல் வரைந்த ‘பெத்லகேமில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு’ ஓவியமும் இருக்கிறது. பனி மூடிய ஃபிளாண்டர்ஸ் கிராமம். விடுதி வாசலில் பெயர் பதியவும் வரி கட்டவும் நெருக்கியடிக்கும் கூட்டம். பன்றி அறுப்பவர்கள், பனிக்கட்டியில் விளையாடும் குழந்தைகள். நடுவே தோளில் நீண்ட இரம்பத்துடன் ஒரு தச்சர் கழுதையை நடத்தி வருகிறார். கழுதைமேல் போர்த்திக்கொண்டு ஒரு பெண். அந்த இரம்பம் இல்லையென்றால் யோசேப்பையும் மரியாளையும் நாம் கடந்து போயிருப்போம். விடுதிச் சுவரில் அன்று அந்நாட்டை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசின் இரட்டைத்தலைக் கழுகுச் சின்னம் மாட்டியிருக்கிறது. அந்தக் கணக்கெடுப்புக்கு ஆணையிட்ட உரோமப் பேரரசர் அகுஸ்து சீசரின் கட்டளையை அன்றைய மக்கள் எந்த அரசோடு பொருத்திப் பார்த்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

புனிதக் கதைகளை இவ்வளவு உலகியலாக வரைவதைத் திருச்சபை ஏற்றுக்கொண்டதா?

சில வேளைகளில் ஏற்றது, சில வேளைகளில் வழக்கே தொடுத்தது. 1563-இல் கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கம் கோவில் ஓவியங்களில் ஒழுங்குக்குப் புறம்பானவை இடம்பெறக் கூடாது என்று ஆணையிட்டது. பத்தாண்டுகள் கழித்து வெனிஸ் நகரத் துறவு மடம் ஒன்றின் உணவுக்கூடத்துக்காக வெரொனேசே பெரியதோர் இறுதி இராவுணவுக் காட்சியை வரைந்தார். கோமாளி, கிளி, குள்ளர்கள், ஈட்டி ஏந்திய ஜெர்மானிய வீரர்கள், மூக்கில் இரத்தம் வடியும் ஒரு பணியாள் எல்லோரும் அதில் இருந்தார்கள். 1573 ஜூலை 18 அன்று சமய விசாரணை மன்றம் அவரை அழைத்து, இவர்களுக்கெல்லாம் அந்தப் பந்தியில் என்ன வேலை என்று கேட்டது. கவிஞர்களும் பித்தர்களும் எடுத்துக்கொள்ளும் உரிமையை ஓவியர்களாகிய நாங்களும் எடுத்துக்கொள்கிறோம் என்பது அவர் அளித்த விடை. விசாரணைக் குறிப்பு இன்றும் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் படத்தைத் திருத்தும்படி தீர்ப்பு வந்தது. வெரொனேசே தலைப்பை மாற்றி, வரிதண்டுபவரான லேவி வீட்டு விருந்து என்றாக்கி, லூக்கா ஐந்தாம் அதிகாரம் என்று படத்திலேயே எழுதிவைத்தார். பாவிகளோடு உண்ட விருந்தில் கோமாளி இருந்தால் யார் குறை சொல்ல முடியும்?

கரவாஜியோவுக்கு வாய்த்தது கடுமையானது. உரோமில் புனித லூயி ஆலயத்தில், சுங்கச் சாவடி மேசையில் காசு எண்ணுபவர்களை நோக்கிக் கிறிஸ்து கை நீட்டும் ‘மத்தேயுவின் அழைப்பு’ இன்றும் அதே சுவரில் இருக்கிறது. ஆனால் அவர் வரைந்த மரியாளின் மரணக் காட்சியைக் கார்மேல் சபைத் துறவிகள் ஏற்க மறுத்தார்கள்: வீங்கிய உடல், வெறும் பாதங்கள், விண்ணேற்றத்தின் சாயலே இல்லாத துயரம். ரூபென்ஸின் பரிந்துரையால் மாந்துவா கோமகன் அதை வாங்கினார். இப்போது லூவ்ரில் இருக்கிறது.

மரியாள் ஏன் எப்போதும் நீல ஆடையில் இருக்கிறாள்?

அந்த நீலம் பொன்னுக்கு நிகரான விலை மதிப்புடையது என்பதும் ஒரு காரணம். ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் கல்லைப் பொடித்துச் செய்த நிறம் அது. ‘கடலுக்கு அப்பாலிருந்து வந்தது’ என்பதே அதன் இலத்தீன் பெயரின் பொருள். காணிக்கை கொடுப்பவர்கள் அதைக் கன்னி மரியாளின் மேலாடைக்கென்று ஒதுக்கினார்கள். டெல்ஃப்ட் நகர வெர்மீர் 1658 வாக்கில் பால் ஊற்றும் பணிப்பெண்ணை வரைந்தபோது, அவளுடைய இடுப்புத் துணிக்கு இந்த நிறத்தைத்தான் தீட்டினார்.

தொன்ம ஓவியங்களில் மட்டும் நிர்வாணத்தை அனுமதித்தது ஏன்?

பண்டைய சிற்பங்களின் முன்மாதிரி அதற்கு மதிப்பளித்தது. கதை அதற்குப் போர்வையாக இருந்தது. பொட்டிசெல்லி 1485 வாக்கில் வரைந்த வீனஸ் கடல் நுரையில் பிறந்த தெய்வம் என்பதால் யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. டிஷியனின் 1538-ஆம் ஆண்டு வீனஸின் கிடையை அப்படியே எடுத்துக்கொண்டு, தெய்வம் என்ற போர்வையை நீக்கிப் பாரிஸ் விலைமகளாகப் பிரெஞ்சு ஓவியர் மனே வரைந்த ‘ஒலிம்பியா’ 1865-இல் காட்சிக்கு வந்தபோது எழுந்த கூச்சல், அந்தப் போர்வை எவ்வளவு மெல்லியது என்பதைக் காட்டியது.

பிரெஞ்சு ஓவியர் மியேயின் உழவர்களைச் சமய ஓவியங்கள் என்று சொல்லலாமா?

அவரே விவிலியத்தில் தோய்ந்தவர். அறுவடைக் களத்தில் இளைப்பாறும் உழவர்களை வரைந்தபோது, விவிலியத்தில் கதிர் பொறுக்க வந்த ரூத்தும் அவளை மணந்த நிலக்கிழார் போவாசும் என்று முதலில் எண்ணியே தொடங்கினார். 1857-இல் காட்சிக்கு வந்த ‘கதிர் பொறுக்குபவர்கள்’ ஓவியத்தில் பெயர்கள் உதிர்ந்துவிட்டன. நிலத்தில் சிந்திய கதிரை ஏழைக்கு விட்டுவிடு என்ற பழைய திருச்சட்டமும், குனிந்த மூன்று முதுகுகளும், தொலைவில் மலைபோல் குவிந்த பிறருடைய விளைச்சலும் எஞ்சின. ‘ஆஞ்ஜெலுஸ்’ ஓவியத்தில், நம் கத்தோலிக்க ஊர்களில் மூவேளை செபம் என்பார்களே, அதற்கான மணி ஒலித்ததும் உருளைக்கிழங்கு தோண்டும் இருவர் வேலையை நிறுத்தித் தலை குனிகிறார்கள். வயலில் வேலை செய்யும்போது மணி கேட்டால் தம் பாட்டி நிறுத்தச் சொல்லிச் செபிக்க வைப்பதை நினைத்து வரைந்ததாக மியே எழுதியிருக்கிறார்.

அமெரிக்க ஓவியத்தில் தொன்மமும் சமயமும் குறைவாக இருப்பது ஏன்?

பீட ஓவியம் கேட்கும் ஆலயமும், வீனஸை வாங்கும் அரண்மனையும் அங்கே இல்லை. குடியேறியவர்களில் பலர் கோவிலில் படம் வைப்பதையே சிலை வழிபாடாகக் கருதிய புராட்டஸ்டண்டுகள். அவர்கள் விரும்பி வாங்கியவை உருவப்படங்கள். தங்களைத் தச்சர், தையற்காரர் போன்ற தொழிலாளராகவே ஊரார் எண்ணுகிறார்கள் என்று பாஸ்டன் ஓவியர் காப்லி வருந்தினார். வாண்டர்லின் பாரிஸில் 1814-இல் முடித்த ‘நாக்சோஸ் தீவில் உறங்கும் அரியாட்னே’யை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தபோது, அதன் நிர்வாணம் மக்களை அதிர வைத்தது.

ஆயினும் அங்கே சமயம் வேறு வழிகளில் நுழைந்தது. வண்டிகளுக்கும் கடைப் பலகைகளுக்கும் வண்ணம் தீட்டிய எட்வர்ட் ஹிக்ஸ், குவேக்கர் என்னும் கிறிஸ்தவச் சபையின் போதகர். ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாகத் தங்கும் என்ற எசாயாவின் இறைவாக்கை அவர் ஏறத்தாழ அறுபது முறை வரைந்தார். பல படங்களின் பின்னணியில், பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் பூர்வகுடிகளோடு உடன்படிக்கை செய்கிறார்.

இவர்களில் என் உள்ளம் கவர்ந்தவர் ஹென்றி ஒசாவா டானர். கறுப்பினத் திருச்சபை ஆயர் ஒருவரின் மகன். நிறவெறி நெருக்கியதால் 1891-இல் பாரிஸுக்குப் போய்விட்டார். 1893-இல் வரைந்த ‘பான்ஜோ பாடம்’ ஓவியத்தில், முதியவர் ஒருவர் சிறுவனை முழங்காலுக்கு இடையில் நிறுத்தி இசை கற்றுக்கொடுக்கிறார். கறுப்பின மக்களின் இசையைக் கேலிக்கூத்தாக்கிய மேடைகளுக்கு அது நேரான மறுமொழி. பாலஸ்தீனப் பயணத்துக்குப் பின் 1898-இல் அவர் வரைந்த, இயேசு பிறக்கப்போவதை வானதூதர் கபிரியேல் மரியாளுக்கு அறிவிக்கும் ‘மங்கள வார்த்தை’ ஓவியம் பிலடெல்ஃபியாவில் இருக்கிறது. அதில் கபிரியேலுக்குச் சிறகு இல்லை, முகம் இல்லை. செங்குத்தான ஓர் ஒளித்தூண் மட்டுமே. மரியாள் கலைந்த படுக்கையின் விளிம்பில் கைகோத்து அமர்ந்திருக்கிறாள், ஒளிவட்டம் கிடையாது, அங்கியின் கீழே கால்விரல்கள் எட்டிப் பார்க்கின்றன. தரைவிரிப்பு ஓரத்தில் மடிந்து கிடக்கிறது. நள்ளிரவில் எழுப்பப்பட்ட ஒரு பதின்வயதுப் பெண் அவள்.

இவற்றைத் திரையில் பார்த்தால் போதுமா?

தொடங்குவதற்குப் போதும். பிராதோ, லண்டன் தேசிய ஓவியக்கூடம், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் ஆகியவை தம் தளங்களில் மிக நுண்ணிய படங்களை இலவசமாக வைத்திருக்கின்றன. ஆனால் கைப்பேசியில் எல்லா ஓவியமும் ஒரே அளவில் தெரியும் என்பதை மறந்துவிடக் கூடாது. வெரொனேசேயின் விருந்து ஏறத்தாழ 13 மீட்டர் அகலம். வெர்மீரின் பணிப்பெண் 45.5 செ.மீ. உயரமும் 41 செ.மீ. அகலமுமே. பெரியதைப் பார்க்கும்போது பின்வாங்கியும், சிறியதைப் பார்க்கும்போது பெரிதாக்கியும் பாருங்கள். பணிப்பெண்ணின் தலைக்குப் பின்னால் முதலில் குடுவைகள் தொங்கும் ஒரு சட்டம் இருந்ததையும், வெர்மீர் அதை அழித்துவிட்டதையும் 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. இப்போது அங்கே வெள்ளையடித்த சுவரும், அதில் ஓர் ஆணியும், ஆணியின் சிறு நிழலும் இருக்கின்றன.